சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போகிறீர்களா? ரயிலில் ஏறுவது முதல் மாலையில் ஊர் சுற்றுவது வரை

சிங்கப்பூரில் மாநாடு என்றால் பகல் முழுக்க குளிரூட்டிய அரங்குக்குள்ளேயே போய்விடும். மாலை ஐந்தரைக்கு மேல் நான்கைந்து மணி நேரம்தான் கையில் மிஞ்சும். அது போதும். அங்கே ஆண்டு முழுக்க சூரியன் ஏழு மணி வாக்கில்தான் மறையும். நல்ல இடங்கள் பலவும் இரவில் திறந்திருக்கும். ‘பார்க்க வேண்டிய 20 இடங்கள்’ பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரின் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதுதான் தவறு. உங்கள் அரங்குக்கு எந்த ரயில் தடம் போகிறதோ அந்தத் தடத்தை ஒட்டிய இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

கிளம்பும் முன்

வங்கிச் செயலியைத் திறந்து உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையில் இரண்டு வசதிகளை இயக்குங்கள்: வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் பணம் செலுத்தும் வசதி. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது, நாமே இயக்க வேண்டும். ரயில் நிலைய வாயிலில் அட்டை வேலை செய்யாமல் நிற்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ரூபே அட்டையை நம்பிப் போக வேண்டாம்.

அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவம். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். இது விசாவும் ஆகாது; இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவைத் தனியாக எடுக்க வேண்டும்.

பெட்டியில் மூன்று முள் சதுரப் பிளக், மடக்குக் குடை, மெல்லிய ஸ்வெட்டர் மூன்றும் இருக்கட்டும். வெளியே வியர்க்கும், அரங்குக்குள் நடுங்கும். இ-சிகரெட்டையும் சூயிங்கம்மையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இரண்டையும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு

சாங்கி ரயில் நிலையம் 2, 3 முனையங்களுக்கு நடுவே நிலத்தடியில் இருக்கிறது. ஒன்றாம் முனையத்தில் இறங்கினால் முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயினில் வரலாம். நான்காம் முனையம் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து இலவசப் பேருந்து உண்டு.

இப்போது ஒற்றைப் பயணச் சீட்டு விற்பதில்லை. வங்கி அட்டையை வாயிலில் வைத்து உள்ளே போக வேண்டும், அதே அட்டையை வைத்து வெளியே வர வேண்டும். இதில்தான் புதியவர்கள் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள்:

- பணப்பையோடு வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டு மூன்று அட்டைகளும் ஒன்றோடொன்று மோதும். வாயில் திறக்காது, அல்லது வேறொரு அட்டையில் காசு போகும். ஒரே அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள்.
- போனில் ஏற்றிய அட்டையும் கையில் இருக்கும் அட்டையும் ஒரே கணக்குதான் என்றாலும் அந்த இயந்திரத்துக்கு இரண்டும் வெவ்வேறு. போனை வைத்து உள்ளே போனால் வெளியே வருவதும் போனில்தான்.
- ஒரு அட்டைக்கு ஒரு ஆள். கணவனும் மனைவியும் ஒரே அட்டையில் போக முடியாது.

வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் சிறு சேவைக் கட்டணம் சேரும்; வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. ஓரிரு நாள் என்றால் இது பொருட்டல்ல. நான்கைந்து நாள் தங்குபவர்கள் நிலையத்திலேயே ஈசி-லிங்க் அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்வது நல்லது.

சாங்கியிலிருந்து முதல் நிறுத்தமே எக்ஸ்போ. சிங்கப்பூர் எக்ஸ்போவில் மாநாடு என்றால் அங்கேயே இறங்கிவிடலாம். மரினா பே சாண்ட்ஸ் போகிறவர்கள் எக்ஸ்போவில் நீலநிற டவுன்டவுன் தடத்துக்கு மாறி பேஃபிரண்டில் இறங்க வேண்டும். சன்டெக் அரங்குக்கு அதே தடத்தில் இன்னும் ஒரு நிறுத்தம் தள்ளி, புரொமெனேடில். நிறுத்தங்கள் நிறைய, ஆனால் மாறுவது ஒரே முறை. பெட்டி படுக்கையோடு போகும்போது அதுவே சௌகரியம்.

சற்று விரைவாகப் போக வேண்டும் என்றால் தானா மேராவில் இறங்கி பச்சைத் தடத்துக்கு மாறி சிட்டி ஹால் போகலாம். தானா மேராவில் கவனம்: நகருக்குப் போவது ‘துவாஸ் லிங்க்’ என்று போட்ட ரயில். ‘பாசிர் ரிஸ்’ ரயிலில் ஏறினால் எதிர்த்திசையில் போய்விடுவீர்கள். சிட்டி ஹாலிலிருந்து சன்டெக்குக்கு நிலத்தடி வணிக வளாகம் வழியாகவே நடக்கலாம், மழையில் நனைய வேண்டாம்.

ரயில் கட்டணம் சுமார் 2 முதல் 2.50 சிங்கப்பூர் டாலர். டாக்சி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஆகலாம். விமான நிலையக் கூடுதல் கட்டணம் வேறு, நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டருக்கு மேல் 50 சதவீதம் சேரும். இரவு 11 மணிக்கு மேல் இறங்கினால் ரயிலை நம்ப முடியாது, டாக்சிக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலிலும் பேருந்திலும்

ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. தண்ணீருக்கும் இது பொருந்தும். அபராதம் 500 டாலர் வரை போகும். நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் நில்லுங்கள், வலப்பக்கம் நடப்பவர்களுக்கு.

நிலையத்தை விட்டு வெளியே வருமுன் எந்த எழுத்து வாயில் என்று பாருங்கள். தவறான வாயிலில் ஏறிவிட்டால் பெரிய சாலையின் மறுபக்கம் நிற்பீர்கள். அந்த வெயிலில் அது சின்ன விஷயமல்ல.

பேருந்து தானாக நிற்காது, கையைக் காட்ட வேண்டும். முன்பக்கம் ஏறும்போது அட்டையை வைப்பது போலவே பின்பக்கம் இறங்கும்போதும் வையுங்கள். மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் பிடிப்பார்கள்.

முதல் மாலை: மரினா பே

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

பேஃபிரண்ட் நிலையத்தில் ‘பி’ வாயிலை எடுத்து, நிலத்தடி வழியாக நடந்து, டிராகன்ஃபிளை பாலத்தைக் கடந்தால் கார்டன்ஸ் பை தி பே பூங்கா. ஏழரைக்கு அங்கே உயரமான செயற்கை மரங்கள் நிற்கும் சூப்பர்ட்ரீ குரோவ் போய்ச் சேர்ந்துவிடுங்கள். 7.45க்கு, பிறகு 8.45க்கு என இரண்டு ஒளி ஒலிக் காட்சிகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். கட்டணமில்லை. கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பது சிரமம். அங்குள்ளவர்கள் தரையில் மல்லாந்து படுத்தே பார்ப்பார்கள், நீங்களும் அப்படியே செய்யலாம். தரை சுத்தமாகத்தான் இருக்கும்.

முதல் காட்சி முடிந்ததும் சாட்டே பை தி பே உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு, 9 மணிக்கு மரினா பே சாண்ட்ஸ் முன்னாலுள்ள நீர்முகப்புக்கு வந்தால் ஸ்பெக்ட்ரா நீர்க்காட்சி. அதுவும் இலவசம். இதைப் பார்க்க எதிர்க்கரையில் உள்ள மெர்லையன் சிலைப் பக்கம் போய் நிற்காதீர்கள். அங்கிருந்து ஒளிக்கதிர்கள்தான் தெரியும், நீர்த்திரையில் விழும் படங்கள் தெரியாது.

பிறகு ஹீலிக்ஸ் பாலம் வழியாக சன்டெக் பக்கம் திரும்பலாம். குடாவை முழுதாகச் சுற்றி வந்தால் சுமார் 3.5 கிலோமீட்டர், நடுவில் 8.6 மீட்டர் உயர மெர்லையன் சிலையும் வந்துவிடும். இடி மின்னல் இருந்தால் வெளிக்காட்சிகளை ரத்து செய்துவிடுவார்கள். அன்று கண்ணாடிக் கூடத்துக்குள் இருக்கும் கிளவுட் ஃபாரஸ்ட்டுக்குச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொரு மாலை: தேக்காவும் சைனாடவுனும்

ஊதா நிற வடகிழக்குத் தடம் இரண்டையும் இணைக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தின் ‘சி’ வாயிலில் வெளியே வந்தால் தேக்கா சென்டர்; கீழே காய்கறி, மீன், இறைச்சிச் சந்தை, பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள். கடைப் பலகைகள் தமிழில், கடைக்காரரிடம் தமிழிலேயே கேட்கலாம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் உணவகம், தள்ளிப் போனால் முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடை. ஞாயிறு மாலை இங்கே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். வார நாளில் போவது நல்லது.

சைனாடவுன் நிலையத்தின் ‘ஏ’ வாயில் பகோடா தெருவில் திறக்கும். தெருக்கோடியில் நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலில் நடை சாத்தி மாலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள், மாநாட்டு நேரத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். அருகிலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி.

உணவங்காடியில் மேசைமேல் கைக்குட்டைத் தாள் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். சாப்பிட்டதும் தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும், அது சட்டம். கையில் 2, 5 டாலர் நோட்டுகள் இருக்கட்டும். சைவர்கள் காய்கறி வறுவல் என்று நம்பி வாங்க வேண்டாம். சிப்பி சாறோ உலர்ந்த இறாலோ சேர்ந்திருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒரு விடியற்காலை

தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவு இலவசம். 1859இல் உருவானது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டவுன்டவுன் தடத்தில் பொட்டானிக் கார்டன்ஸ் நிலையம் புக்கிட் தீமா வாயிலில் கொண்டுவிடும். ஏழு மணிக்கு இறங்கினால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு முதல் அமர்வுக்கு வந்துவிடலாம். ஆர்க்கிட் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம், அது கொஞ்சம் தாமதமாகத் திறக்கும்.

திரும்பும் நாள்

ஒரே கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் ஜிஎஸ்டி வரியைத் திரும்பப் பெற வழி உண்டு. கடையில் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய பொருள் பெரிய பெட்டிக்குள் போகிறது என்றால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே புறப்பாட்டுக் கூடத்தில் உள்ள வரித்திருப்ப இயந்திரத்துக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொல்லிச் சுங்க அதிகாரி கேட்கலாம். பெட்டி போய்விட்டால் காட்ட எதுவும் இருக்காது.