பிளாக்போர்டில் அழுத்தம் எங்கே? – என் அனுபவம்
'பிளாக்போர்ட்' என்ற ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் இரண்டு பாதியையும் ஒரே கனத்தில் சொன்னால் கரும்பலகை வராது. ஏதோ கறுப்பாக ஒரு பலகைதான் வரும். நான் சரிசெய்தது இப்படி: முதலில் சொற்கள் ஒட்டிய இடத்தில் வெட்டினேன், பிறகுதான் அசை (ஓர் உயிரொலி கொண்ட ஒலித்துண்டு) எண்ணினேன். எழுத்தை எண்ணினால் ஏமாறுவோம். 'ஹோம்வர்க்' இரண்டே அசை. நம் நாக்கு கடைசியில் உகரம் ஒட்டி 'ஹோம்வர்க்கு' என மூன்றாக்கிவிடும். இப்படி ஒட்டிய சொல் பெயர்ச்சொல் என்றால் பெரும்பாலும் முதல் பாதியில் குரலை ஏற்றி, அடுத்ததை இறக்க வேண்டும். ஆனால் அதன் உயிரொலியை விழுங்கக் கூடாது. 'கப்போர்ட்' மாதிரிப் பழஞ்சொற்கள் வேறு கதை, அது 'கபட்' என்றே தேய்ந்துவிட்டது.

வம்பு பிடித்த ஜோடிகளும் உண்டு. 'ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்' முன்னால் அழுந்தும், 'ஆக்ஸ்ஃபோர்ட் ரோட்' பின்னால். அப்படியே 'ஆப்பிள் கேக்' முன்னால், 'ஆப்பிள் பை' பின்னால். இவற்றை மனப்பாடம்தான் செய்தேன்.