சண்டே மார்க்கெட் கேமராவுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை பரப்பி வைக்கும் கடைகளில், ஜீன்ஸ் குவியலுக்கும் பழைய மிக்ஸி ஜாருக்கும் நடுவே, எப்போதாவது ஒரு ஃபிலிம் கேமரா கிடக்கும். "ஃபாரின் பீஸ்ணே, சூப்பரா ஓடும்" என்பார் கடைக்காரர். ஓடுமா ஓடாதா என்று பாவம் அவருக்கும் தெரியாது. பணத்தை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

பின்மூடியைத் திறப்பதற்கு முன் ரீவைண்ட் குமிழை லேசாகச் சுற்றுங்கள். இறுகி நின்றால் உள்ளே ரோல் இருக்கிறது, யார் வீட்டுக் காதுகுத்தோ, திறந்து வெளிச்சம் காட்டிவிடாதீர்கள். காலியாக இருந்தால் திறந்து, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து, வேகத்தை 1 விநாடியில் வைத்து அமுக்குங்கள். ஷட்டர் (ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் இரட்டைத் திரை) திறந்து, உள்ளே பற்சக்கரம் 'ர்ர்ர்' என்று ஓடி, மூட வேண்டும். பாதியில் நின்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் கிரீஸ் காய்ந்து பசையாகியிருக்கும், இருபது முப்பது தடவை அடித்தால் சிலது தானாக இளகும் (பேரம் பேசவும் உதவும்). அப்புறம் 1/1000-இல் வைத்து, வானத்தைப் பார்த்துப் பிடித்து, பின்பக்கம் வழியாகப் பார்த்துக்கொண்டே அமுக்குங்கள். ஃப்ரேம் முழுக்க ஒரு மின்னல் வெளிச்சம் வந்துபோனால் சரி, ஒரு ஓரம் மட்டும் இருட்டாகவே இருந்தால் இரண்டு திரைகளும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன, அது ரிப்பேர்காரரிடம் போக வேண்டிய கேஸ்.

லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் ஓட்டை) முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். சிலந்தி வலை மாதிரி, வேர் ஓடியது மாதிரி தெரிந்தால் பூஞ்சை. மொத்தமாக மூச்சு படிந்தது போலிருந்தால் மங்கல். ஓரத்தில் வானவில் வட்டம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதைக் கீழே வைத்துவிடுங்கள். தூசியைப் பற்றிக் கவலையே வேண்டாம், படத்தில் வராது. ஓரத்தில் இருக்கும் கொஞ்சம் பூஞ்சையும் அப்படித்தான். ஆனால் மங்கல் கான்ட்ராஸ்டைத் தின்றுவிடும். கடைசியாக அப்பர்ச்சர் இதழ்களை மூடித் திறந்து பாருங்கள், எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் அவை சோம்பேறித்தனமாக நகரும்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூரில் எங்கள் வீட்டு அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 தோல் உறையோடு ஊறிவிட்டது. காயவைத்த பிறகு ஷட்டர் நகரவில்லை. நான் என்ன செய்தேன், அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை நாலு சொட்டு உள்ளே விட்டேன். இரண்டு நாள் அற்புதமாக ஓடியது. மூன்றாம் நாள் எண்ணெய் பரவித் துணித் திரையில் ஏறிவிட்டது, அதோடு போச்சு. தையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே, எதுவுமே கேமராவுக்குள் போகக்கூடாது. ஸ்க்ரூ டிரைவரும் கடைசியில்தான். ஜப்பான் கேமராக்களின் ஸ்க்ரூ பிலிப்ஸ் மாதிரியே தெரியும், ஆனால் ஜே.ஐ.எஸ் என்ற ஜப்பானியத் தர வகை, சாதாரண ஸ்டார் டிரைவரை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும்.

வீட்டில் முதல் வேலை ஃபோம். பின்மூடிப் பள்ளத்திலும் மிரர் மேலே போய் இடிக்கும் இடத்திலும் இருக்கிற, வெளிச்சம் கசியாமலும் மிரர் அதிராமலும் காக்கும் கருப்பு ஃபோம் இந்த வயதில் தார் மாதிரி உருகியிருக்கும். பல்குச்சி நுனியில் ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டுங்கள், துணுக்கு ஷட்டருக்குள் விழாமல் தாள் வைத்து மூடிக்கொள்ளுங்கள், மிரரையும் ஃபோகஸ் திரையையும் மட்டும் தொடவே தொடாதீர்கள். பள்ளத்துக்குக் கருப்பு உல்லன் நூல், கீல் பக்கத்துக்குக் கருப்பு வெல்வெட் ரிப்பன், இரண்டும் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும். பேட்டரி அறையை ஒரு ரூபாய் நாணயத்தால் திறந்து, பச்சைப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள். கே1000-க்கு ஒரே ஒரு எல்ஆர்44 போதும். 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்த பழைய மாடல் என்றால் காது மெஷினுக்குப் போடும் 675 பேட்டரி ஏறக்குறைய அந்த வோல்ட்டேஜைக் கொடுக்கும்.

பூஞ்சை முன்கண்ணாடிக்கோ பின்கண்ணாடிக்கோ உடனடியாக உள்ளே இருந்தால் நீங்களே முயலலாம். மெடிக்கல் கடை ஹைட்ரஜன் பெராக்சைடைப் பட்ஸில் தொட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். பூஞ்சை போன பிறகும் தடம் தெரிந்தால் அது கோட்டிங்கை அரித்துவிட்டது, தேய்த்துப் பயனில்லை. கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுங்கள், ஃபோகஸ் வளையத்தின் மரை எந்த இடத்தில் பிரிந்தது என்று பென்சிலில் குறியுங்கள். குறிக்காமல் நான் ஒரு ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இனி வேகத்தைச் சோதிப்பது. போனில் விநாடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் வைத்துப் பின்மூடி திறந்த கேமராவைப் படம்பிடித்து, வெளிச்சம் தெரியும் ஃப்ரேம்களை எண்ணுங்கள். 1/30-க்கு 8, 1/15-க்கு 16, 1/2-க்கு 120 வர வேண்டும். மேல் வேகங்களுக்கு இது பத்தாது. அதற்கு எங்கள் வீட்டில் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் அரசு இலவச டிவி உதவுகிறது, குண்டு டிவியாக இருந்தால் எதுவும் சரிதான். இருட்டு அறையில் வெளிச்சமான திரையைக் கேமரா வழியாகப் பார்த்து அமுக்கினால், பக்கவாட்டில் ஓடும் துணி ஷட்டரில் சாய்வான ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டை இரு முனைகளிலும் ஒரே தடிமனாக இருந்தால் ஷட்டர் சீராக ஓடுகிறது, ஒரு பக்கம் மெலிந்தால் படத்திலும் அந்தப் பக்கம் இருளடிக்கும்.

இன்ஃபினிட்டி, அதாவது வெகுதூரத்துக்கு ஃபோகஸ் சரியாக வருகிறதா என்று பார்க்காமல் ரோல் போடாதீர்கள், கழற்றி மாட்டிய லென்ஸ் என்றால் கட்டாயம். பழைய சிடி உறையின் பிளாஸ்டிக்கை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, ஃபிலிம் உட்காரும் தண்டவாளத்தில் சொரப்பு முகம் லென்ஸைப் பார்க்க வையுங்கள். ஷட்டரை 'பி'யில் (அமுக்கியிருக்கும் வரை திறந்தே இருக்கும்) திறந்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று அடிவானத்து விசைப்படகைப் பாருங்கள். வளையம் இன்ஃபினிட்டியில் முட்டும்போது படகு அந்தப் பிளாஸ்டிக்கிலும், ஷட்டரை மூடிய பிறகு வியூஃபைண்டரிலும் கூர்மையாக வேண்டும்.

கடைசியில் 200 ஐஎஸ்ஓ ரோல் ஒன்று. லீவரை இழுக்கும்போது ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பாருங்கள், சுற்றாவிட்டால் ஃபிலிம் மாட்டவே இல்லை. நல்ல வெயிலில் ஒரே சுவரை 1/1000 எஃப்8, 1/500 எஃப்11, 1/250 எஃப்16, 1/125 எஃப்22 என்று (எஃப் என்பது அப்பர்ச்சர் அளவு) நாலு முறை எடுங்கள், நாலும் ஒரே அளவு வெளிச்சம்தான். நடுவில் கேமராவை ஐந்து நிமிடம் வெயிலில் வையுங்கள், எங்காவது வெளிச்சம் கசிந்தால் படம் காட்டிக்கொடுக்கும். விடியற்காலை சூரியன் கடலுக்கு மேலே வரும்போது நேராக ஒன்று, லென்ஸ் மங்கலா என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். லேபிலிருந்து ஸ்கேன் மட்டும் வாங்காமல் நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள், ஸ்கேனர் கூடக் குறைச்சலைச் சரிசெய்து ஏமாற்றிவிடும். போனில் வெள்ளைத் திரை வைத்து அதன்மேல் நெகட்டிவைப் பிடித்தால் அந்த நாலு படமும் ஒரே அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கருத்திருந்தால் அந்த வேகம் மெதுவாக ஓடுகிறது. படத்தின் இடது ஓரத்தில் தீக்கீற்று மாதிரி வந்தால் கீல் பக்கத்து ரிப்பனை மறுபடி ஒட்டுங்கள், படம் தலைகீழாக விழுவதால் பக்கம் மாறித்தான் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டால் ஐப்பசி மழை தொடங்குமுன் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுவிடுங்கள், ஷட்டரை இழுத்த நிலையில் விடாமல். அந்த அழகான தோல் உறை டப்பாவுக்குள் வேண்டாம், எங்கள் ஊர் உப்புக் காற்றில் பூஞ்சை முதலில் குடியேறுவதே அதில்தான். அப்பாவின் உறையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், அதில் இப்போது அம்மா தையல் ஊசி, நூல்கண்டெல்லாம் போட்டு வைக்கிறாள்.