பிற சமயப் பண்டிகைகளும் முஸ்லிம்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிற சமயத்தாரின் பண்டிகை நாள் ஒன்று நெருங்கும்போதெல்லாம் ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: "கலந்துகொள்வது கூடுமா, கூடாதா?" கேட்பவருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டும். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வழிபாட்டில் நிற்பது, படையலை உண்பது, வாழ்த்துச் சொல்வது, அன்பளிப்பை ஏற்பது, விடுமுறையில் உறவினரைப் பார்க்கப் போவது, பணியிட விருந்தில் உட்காருவது ஆகிய அனைத்தையும் "கலந்துகொள்வது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மார்க்கச் சட்டமோ இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்கிறது. ஆகவே, கேள்வியைப் பிரித்துக் கேட்காதவருக்குச் சரியான பதில் கிடைக்காது.

இவற்றுள் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லாதது வழிபாடு. அல்லாஹ் அல்லாதவற்றை வணங்குவதும், அவற்றிடம் வேண்டுவதும், அவற்றுக்காக அறுத்துப் பலியிடுவதும் இணைவைப்பு (இறைவனுக்கு இணை கற்பிப்பது) என்பதில் எல்லா மத்ஹபுகளும் (மார்க்கச் சட்டப் பிரிவுகளும்) ஒன்றுபடுகின்றன. "உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம்" (109:6) என்ற குர்ஆன் வசனம் இந்த எல்லையைத்தான் வரைகிறது. இங்கே படித்தவர்களும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "மனத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, நண்பரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே சடங்கில் நின்றேன்" என்று சொல்லி, "செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே" என்ற நபிமொழியைத் துணைக்கு அழைக்கிறார்கள். நல்ல எண்ணம் பாவத்தைப் பாவமல்லாததாக மாற்றிவிடாது என்று இமாம் கஸ்ஸாலி அந்த நபிமொழியின் வரம்பை விளக்கியிருக்கிறார். உயிருக்கு அஞ்சும் அளவுக்குக் கட்டாயப்படுத்தப்பட்டவரின் நிலை வேறு. அவருக்கான சலுகையைக் குர்ஆனே (16:106) சொல்கிறது. நட்பின் தயக்கம் அந்தக் கட்டாயத்தில் சேராது.

இந்த எல்லையை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு நுட்பமாக அளந்தார்கள் என்பதற்கு நபித்தோழர் ஸாபித் இப்னு ளஹ்ஹாக் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி சான்று. புவானா என்னும் இடத்தில் ஒட்டகம் அறுப்பதாக நேர்ச்சை செய்த ஒருவர் நபியவர்களிடம் வந்தார். "அறியாமைக் காலத்தில் வணங்கப்பட்ட சிலை ஏதும் அங்கே இருந்ததா?" என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றனர். "அவர்களுடைய பண்டிகை ஏதும் அங்கே நடந்ததா?" என்று அடுத்துக் கேட்டார்கள். அதற்கும் இல்லை என்ற பதில் வந்த பிறகே, "உமது நேர்ச்சையை நிறைவேற்றும்" என்றார்கள் (அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு). வந்தவரின் எண்ணத்தைப் பற்றி அங்கே கேள்வியே எழவில்லை. இடமும் அதன் பின்னணியுமே விசாரிக்கப்பட்டன. ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பு வரும்போது நாமும் இப்படித்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்: அங்கே வழிபாடு நடக்கிறதா, அந்த நாளின் சமயச் சடங்கு அதில் சேர்ந்திருக்கிறதா? கேட்காமலே போவதும் தவறு. கேட்காமலே மறுப்பதும் தவறு.

மதீனாவாசிகள் விளையாடிக் கொண்டாடிவந்த இரண்டு நாள்களுக்குப் பதிலாக அவற்றைவிடச் சிறந்த இரு பெருநாள்களை அல்லாஹ் தந்தான் என்ற அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பிறருடைய சமயப் பண்டிகையை நமது பண்டிகையாக எடுத்துக்கொண்டு வீட்டில் கொண்டாடுவதை ஆலிம்கள் தடுப்பதற்கு இது முக்கிய ஆதாரம்.

"யார் ஒரு கூட்டத்தாருக்கு ஒப்பாகிறாரோ அவர் அவர்களைச் சார்ந்தவரே" என்ற அபூதாவூதின் நபிமொழியை வரம்பின்றி நீட்டுவது அடுத்த தவறு. உடை, விடுமுறை, மேசை அலங்காரம் என எதைக் கண்டாலும் சிலர் இந்த ஒரே வாக்கியத்தை எடுத்து நீட்டுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்று பைஸாந்தியர் ஆட்சியில் இருந்த ஷாம் (சிரியப் பகுதி) நாட்டு அங்கியை அணிந்திருக்கிறார்கள். முத்திரையில்லாத கடிதத்தை ரோமர்கள் படிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது வெள்ளி மோதிரத்தில் முத்திரை செய்துகொண்டார்கள். இரண்டும் புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ளவை. பிற சமயத்தின் அடையாளமாகவே விளங்கும் ஒன்றைச் செய்வதற்கும், எல்லா மக்களுக்கும் பொதுவாகிவிட்ட ஒரு வழக்கத்துக்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைக் கருதாமல் தீர்ப்புச் சொல்வது அந்த நபிமொழிக்கு நீதி செய்வதாகாது.

வாழ்த்துச் சொல்வதில் நிலைமை வேறு. இங்கே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை மறைப்பதே பெருந்தவறு. பிற சமயத்தின் தனிச் சடங்குகளுக்கு வாழ்த்துக் கூறுவது ஒருமித்த கருத்தின்படி ஹராம் (மார்க்கத்தில் தடுக்கப்பட்டது) என்று 1350-இல் மறைந்த இப்னுல் கய்யிம் எழுதினார்; அண்மைக்கால அறிஞர்களில் இப்னு உஸைமீன் அதையே வலியுறுத்தினார். ஆனால் பிற சமயத்தாருக்கு வாழ்த்துச் சொல்வது பற்றி இமாம் அஹ்மதிடமிருந்து இருவேறு அறிவிப்புகள் இருப்பதை அவர் வழிவந்த ஹன்பலி மத்ஹபின் நூல்களே பதிவு செய்கின்றன. எகிப்தின் மார்க்கத் தீர்ப்பு நிறுவனமான தாருல் இஃப்தாவும் அறிஞர் யூஸுஃப் அல்கர்ளாவியும், சமயச் சடங்கை ஏற்பதாக ஆகாத வகையில், நல்லுறவின் பொருட்டு வாழ்த்துவதை அனுமதித்தனர். இவர்கள் முன்வைக்கும் முதன்மையான ஆதாரம், மார்க்கத்துக்காக உங்களோடு போரிடாதவர்களிடமும் உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களிடமும் நன்மையோடும் நீதியோடும் நடப்பதை அல்லாஹ் தடுக்கவில்லை என்ற வசனம் (60:8). இரு தரப்பிலும் கற்றறிந்தவர்கள் இருக்கும்போது, தான் பின்பற்றும் கருத்துக்கு மாறாக வாழ்த்திய சகோதரரை "மார்க்கத்தைவிட்டு வெளியேறியவர்" என்று சொல்லிவிடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! ஒருவர் தம் சகோதரரைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று அழைத்தால் அந்தச் சொல் இருவரில் ஒருவரிடம் திரும்பும் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சடங்கைப் புகழாமல், "உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் நலம் உண்டாகட்டும்" என்று சொல்லும் ஒருவரைக் குறைகூற எனக்கு வாய் வராது.

உணவு பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடைய தவறு இங்கேதான் நடந்தது. பல ஆண்டுகளுக்கு முன், பண்டிகை நாளொன்றில் பக்கத்து வீட்டுச் சிறுமி துணியால் மூடிய தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். என்ன கொண்டுவந்தாய் என்றுகூடக் கேட்காமல், "இது எங்களுக்கு ஹராம்" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பியபோது துணி சற்று விலகியது. உள்ளே இருந்தவை முழுப் பழங்கள். அந்தச் சிறுமியின் முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. மஜூஸிகளின் (நெருப்பை வழிபடுவோரின்) பண்டிகை நாளில் வரும் அன்பளிப்பு பற்றி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அந்த நாளுக்காக அறுக்கப்பட்டதை உண்ணாதீர்கள், அவர்களுடைய மரங்களின் கனிகளை உண்ணுங்கள் என்று அவர்கள் விடையளித்த செய்தி இப்னு அபீ ஷைபாவின் தொகுப்பில் இருக்கிறது. அதைப் பிற்பாடுதான் படித்தேன். பண்டிகை நாளில் வந்தது என்பதாலேயே ஓர் உணவு ஹராமாகிவிடுவதில்லை. அல்லாஹ் அல்லாதவருக்காக அறுக்கப்பட்டது (2:173) தடையானது. படையலில் வைத்தெடுத்த, இறைச்சியல்லாத உணவு பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு; தவிர்ப்பதே பேணுதலான (எச்சரிக்கையான) வழி என்று பலர் கருதுகின்றனர். வழிபாட்டோடு தொடர்பில்லாத எஞ்சியவற்றை நன்றியோடு ஏற்பதில் தடையில்லை. ஐயம் இருந்தால் பரிவோடு ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

எல்லைகளைக் காப்பதாக நினைத்து மனிதர்களைக் காயப்படுத்துவதைத்தான் இவை எல்லாவற்றிலும் மோசமான தவறாக நான் கருதுகிறேன். பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று குர்ஆன் (6:108) நேரடியாகத் தடுத்திருக்க, பண்டிகை நாளில் அவர்களுடைய நம்பிக்கையை எள்ளிச் செய்தி பரப்புவதை ஈமானின் (இறைநம்பிக்கையின்) உறுதியாகச் சிலர் எண்ணுகிறார்கள். இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றவர்களிடம், பண்டிகைக் காலம் முழுவதும் பெற்றோர் வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று அறிவுரை கூறுபவர்களும் உண்டு. குரைஷிகளோடு உடன்படிக்கை இருந்த காலத்தில், இணைவைப்பாளராக இருந்த தம் தாய் வந்தபோது அவரோடு உறவு பேணலாமா என்று அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) கேட்டார். "ஆம், உன் தாயோடு உறவைப் பேணிக்கொள்" என்பதே நபியவர்களின் பதில். இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் அதில் மட்டும் கீழ்ப்படியாமல், உலக வாழ்வில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்று குர்ஆன் (31:15) சொல்கிறது. சடங்கு நடக்கும் நேரத்தில் விலகியிருந்துவிட்டு, முன்போ பின்போ தாயைப் பார்த்து நலம் விசாரிக்கும் மகளிடம் குற்றம் காண இந்த வசனத்தில் என்ன இருக்கிறது?

குழந்தைகள் விஷயத்தில் நாம் பெரும்பாலும் தடைகளை மட்டுமே சொல்லி வளர்க்கிறோம். பெருநாளன்று இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, "ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நமது பெருநாள்" என்று நபியவர்கள் அவரைத் தடுத்தார்கள். தன் பெருநாள் மகிழ்ச்சியாகக் கழிந்த குழந்தை அடுத்த வீட்டு விளக்குகளைப் பார்த்து ஏங்காது. தொழுகை முடிந்ததும் பெரியவர்கள் உறங்கிவிடும் வீட்டில் இதை எதிர்பார்க்க முடியாது.

மறுப்பதிலும் முறை உண்டு. பணியிடத்தில் சமயச் சடங்கோடு நடக்கும் விழாவுக்கு அழைப்பு வந்தால், அன்று காலை வரை மௌனமாக இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் காணாமற்போவது நல்ல முறையாகாது. சில நாள்களுக்கு முன்பே அழைத்தவரைத் தனியாகச் சந்தித்து, அழைப்புக்கு நன்றி கூறி, வழிபாட்டுப் பகுதியில் மட்டும் நிற்க இயலாத காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பண்டிகையன்று அவர் தம் குடும்பத்தோடு இருப்பதற்காக அவருடைய அன்றைய பணிநேரத்தை நாம் ஏற்றுக்கொள்ள முன்வரலாம். அப்படிச் செய்வது அவருடைய வழிபாட்டில் பங்கெடுப்பதாகாது. நமது பெருநாள் வரும்போது அவரும் நம்முடைய வேலையைப் பார்த்துக்கொள்ள முன்வரக்கூடும்.