மலையேற்றப் பைக்குள் பொரிவிளங்காய் உருண்டையும் கட்டுச்சோறும்: செய்யும் முறை

கோவைக்குப் பக்கத்தில், ஏழு மலைகளைக் கடந்து ஏற வேண்டிய வெள்ளியங்கிரிக்கு ஏறும் காலத்தில் பூண்டி அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் உறையில் இருக்கும் பிஸ்கட்டைப் பிரித்துக் காகிதத்தில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மலைக்கு அது மிகவும் நல்லது. ஆனால் காகிதத்தில் கட்டிய பிஸ்கட் இரண்டாம் மலை தாண்டுவதற்குள் நமுத்து நொறுங்கிவிடும். உறையே தேவைப்படாத வழித்துணை உணவு நம் வீடுகளில் எப்போதோ இருந்தது. அதில் இரண்டை மட்டும் நான் விடாமல் கொண்டுபோகிறேன்: பொரிவிளங்காய் உருண்டை, புளியோதரை. சில ஊர்களில் பொருள்விளங்காய் உருண்டை என்பார்கள், பண்டம் ஒன்றுதான்.

1. மாவு

பச்சைப்பயறு 1 கப், புழுங்கலரிசி அரை கப், கோதுமை அரை கப், கடலைப்பருப்பு கால் கப். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில், வாசனை வந்து சிவக்கும் வரை வறுக்க வேண்டும். அரிசி பொரிய வேண்டும். இதற்கு இரும்பு வாணலிதான் சரி. ஒட்டாத பூச்சுப் பாத்திரத்தில் பயறு மேலே சிவந்து உள்ளே பச்சையாக நின்றுவிடுகிறது. நன்றாக ஆறியதும் ஒரு துண்டு சுக்கு, நான்கு ஏலக்காய் சேர்த்து மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக்கு மாவு மில் வரை போக வேண்டாம். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, ஈரம் முழுக்கப் போகும் வரை நெய்யில் வறுத்துக் கலந்துவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் உருண்டை சிக்கு வாடை அடிக்கும்.

2. பாகு: எல்லாமே இதில்தான் இருக்கிறது

2 கப் மாவுக்கு 1 கப் பொடித்த வெல்லம். கால் கப் தண்ணீரில் கரைத்து, கொதி வந்ததும் கண்டிப்பாக வடிகட்டுங்கள். வெல்லத்தில் மண் இருக்கும். பிறகு அடிகனமான பாத்திரத்தில் திரும்பக் கொதிக்க விட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

பாகில் ஒரு சொட்டை நீரில் விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் பதம் வரவில்லை. விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு, அமுக்கினால் தட்டையாகிறதா? அது அதிரசப் பதம். நான் முதல் தடவை நிறுத்தியது இங்கேதான். வீட்டில் உருண்டைகள் அழகாக நின்றன. நான்காம் மலையில் பசியோடு சம்படத்தைத் திறந்தால் உள்ளே வெறும் மாவு. கூட வந்த அண்ணன் மகனுக்கு அதைக் கையில் அள்ளித் தண்ணீரோடு கொடுத்தேன். அந்த இருட்டில் அவன் அதை விழுங்கச் சிரமப்பட்டது இன்றும் மனதை உறுத்துகிறது.

ஆகவே இன்னும் கொதிக்க விடுங்கள். நீரில் விட்ட சொட்டு இறுகிய மணியாகி, அதை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை கேட்க வேண்டும். கேட்ட அந்த நொடியே அடுப்பை அணையுங்கள். அதற்கு மேல் போனால் பாகு முறுகிக் கசந்துவிடும்.

அகலமான தாம்பாளத்தில் மாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறுங்கள். ஒரு கைப்பிடி மாவைத் தனியே எடுத்து வைத்திருப்பது நல்லது. கலவை தளர்ந்தால் கைகொடுக்கும். உள்ளங்கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு, சூடு பொறுக்கும் நிலை வந்ததுமே உருட்டத் தொடங்குங்கள். ஆறினால் பிடிபடாது. தனியாகச் செய்யாதீர்கள்; ஒருவர் கிளற, இருவர் உருட்ட வேண்டும். நடுவில் இறுகிவிட்டால் தாம்பாளத்தைச் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் இளகும்.

அளவு நெல்லிக்காய் அளவுதான். பெரிதாகப் பிடித்தால் கடிக்க முடியாது. ஆறாம் மலையில் ஆண்டிசுனைக் குளிரில் விரல் விறைத்து நிற்கும்போது, ஓர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் போதும். முதலில் வெல்லம் கரையும், பிறகு சுக்கின் காரம் தொண்டையில் இறங்கும். ஏழாம் மலை வரை அது தாங்கும்.

3. கட்டுச்சோறு

புளிக்காய்ச்சல் உங்கள் வீட்டு வழக்கப்படியே இருக்கட்டும். மலைக்காக மாற்ற வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். நல்லெண்ணெயில் கை தாராளமாக இருக்கட்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை காய்ச்சுங்கள். சோறு உதிரியாக வெந்திருக்க வேண்டும். கிளறிய சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துச் சீக்கிரம் ஊசிவிடும். வாழையிலையை அனலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. வாட்டிய இலையில் கட்டி, மேலே ஒரு பருத்தித் துணியைச் சுற்றுங்கள். அச்சு மை ஏறும் என்பதால் செய்தித்தாள் வேண்டாம். வறுத்த வேர்க்கடலையைத் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலந்துகொண்டால் மொறுமொறுப்பு போகாது. இரவு ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

தயிர்சாதம் பலருக்கும் பிடிக்கும். ஆனால் முதுகுச் சூட்டில், ஏப்ரல் வெயிலில் அது புளித்துவிடுகிறது, நான் எடுப்பதில்லை.

பிறகு சேர்த்தது

இதன்படி செய்து பார்த்த ஒருவர், தம் அம்மாவால் உருண்டையைக் கடிக்கவே முடியவில்லை என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். வயதானவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவும் பொடித்த சர்க்கரையும் சூடான நெய் விட்டுப் பிடித்த மாவுருண்டை கொடுங்கள். வாயில் போட்டதும் கரையும். ஆனால் குலுங்கினால் உதிரும்; பைக்கு மேல்பக்கம் வையுங்கள்.

கருப்பட்டியில் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். செய்யலாம், சுவையும் கூடுதல். பாகு முதலிலிருந்தே கறுப்பாக இருப்பதால் நிறம் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. தண்ணீர்க் கிண்ணத்தையும் தட்டின் ஓசையையும் மட்டும் நம்புங்கள்.