கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர்: ஆட்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஸ்டோர் கணக்கை நோட்டிலிருந்து ஈஆர்பிக்கு, அதாவது கம்பெனியின் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் சாஃப்ட்வேருக்கு, மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் இருந்த இரண்டு தம்பிகளும் கெட்டிக்காரர்கள். ஆனால் முதல் வாரத்திலேயே யார் எத்தனை தப்பு என்று அறிக்கை எடுத்து முதலாளி மேசையில் வைத்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டைப் பகிராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் மாதமே ஆளைப் பிடிப்பது

சாயப்பட்டறைக்குப் போகும் துணி அதே எடையில் திரும்பாது. நிறத்துக்கு நிறம், துணிக்குத் துணி இழப்பு மாறும். பத்து வருடத்துக்கு முன்னால் நான் சாஃப்ட்வேர் போட்ட கம்பெனியின் ஸ்டோர் அண்ணன் இதை லாட் வாரியாக, அதாவது ஒரே தடவையில் சாயத்துக்குப் போன துணி வாரியாக, நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒன்றில் 4 சதவீதம், ஒன்றில் 9. காரணம் கேட்டால் உடனே சொல்வார்: இது மறுபடி சாயம் போட்டது, அதில் ஒரு ரோல் பட்டறையிலேயே நின்றுவிட்டது.

6 சதவீதத்தைத் தாண்டினால் சிவப்பில் காட்டும்படி நான் ஓர் அறிக்கை செய்து கொடுத்தேன். முதல் சனிக்கிழமையே முதலாளி அதோடு ஸ்டோருக்குப் போய், ஹெல்ப்பர் பையன்கள் முன்னால் அவரை நிற்கவைத்து, "மிச்சத் துணி எங்கே போச்சு?" என்று கேட்டார். அண்ணன் வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து சிவப்பே இல்லை. வெள்ளையும் 5 சதவீதம், நேவியும் 5 சதவீதம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நாலு மாதம் கழித்து ஓர் ஏற்றுமதி ஆர்டர் கட்டிங்கில் இருக்கும்போது துணி தீர்ந்துவிட்டது. திரையில் மட்டும் 300 கிலோ இருந்தது. அவசரமாக நூல் வாங்கி, துணியாக ஓட்டி, சாயம் போட்டு, தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினார்கள். ஆர்டரின் லாபம் அந்தக் கட்டணத்திலேயே போய்விட்டது. தீபாவளி போனஸ் வாங்கியதும் அண்ணன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய அனுபவமும் அவரோடு போனது. இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

அவர் ஒரு முழம் துணிகூடத் திருடவில்லை. ஏச்சு வாங்காமலிருக்க எண்ணை மாற்றினார், அவ்வளவுதான். மாற்றும்படி செய்தது நாங்கள். இப்போதெல்லாம் வேலையைத் தொடங்கும் முன்பே முதலாளியிடம் கேட்டு வாங்கிவிடுகிறேன்: முதல் மூன்று மாதம் இந்த எண்களை வைத்து யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. சிவப்பு வந்தால் நானே ஸ்டோரில் போய் உட்கார்ந்து காரணம் கேட்கிறேன். காரணத்தை எழுத, தமிழில் அடிக்கிற மாதிரி, திரையில் ஒரு கட்டமும் வைத்துவிடுகிறேன்.

ஏசி அறையில் பயிற்சி

மேனேஜர்களுக்கு புரொஜெக்டரில் காட்டினால் போதாது. ராத்திரி லாரி வரும்போது யார் பதிவு போடுவாரோ அவர் கையில் மவுஸைக் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். 2018 ஏப்ரலில் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் (வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டு) கட்டாயமானபோது, பில் போடத் தெரிந்த ஒரே ஆள் வீட்டுக்குப் போய்விட்டதால் ஏற்றிய வண்டி விடியும்வரை நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய நோட்டைப் பிடுங்குவது

ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். நோட்டை நிறுத்தும் தேதியை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் தொடங்குவது

வேண்டாம்.

"யார் வேலையும் போகாது" என்று நீங்கள் சொல்வது

அதை முதலாளி சொல்லட்டும், எல்லோர் முன்னாலும். அது உண்மைதானா என்று அவரிடம் முதலில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.