சாதாரண கேமராவில் மலைச்செடிகள்: எங்கே தவறுகிறோம்?

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ எடுத்த செடிப் படம் சரியாக வரவில்லை என்றால் பலரும் முதலில் கேமராவைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் தப்பு அதன் மேல் இல்லை.

ஜூமையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பூவைப் பெரிதாகக் காட்ட ஜூமை முழுக்க இழுத்துவிட்டு, அப்புறம் பூவின் முகத்துக்கு நேரே போய் நிற்கிறோம். சின்ன கேமராக்களில் பெரும்பாலானவை ஜூம் செய்யாதபோதுதான் மிக அருகில் ஃபோகஸ் செய்யும். ஜூம் கூடக் கூட நாம் பின்னால் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். அதனால் ஜூமைக் குறைத்து, பூச்சின்னம் போட்ட மேக்ரோவுக்கு மாற்றி, நீங்களே கிட்டே போங்கள். அப்படியும் மெல்லிய செடியை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள புல்லில் ஃபோகஸ் போய் விழும். அப்போது உள்ளங்கையைப் பூவுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் பிடித்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். விரலை எடுக்காமல் கையை விலக்கி, மீதியை அழுத்துங்கள். ஈரப் புல்வெளியில் பூச்சி பிடிக்கும் ட்ரோசெராவின் இலையிலுள்ள பசைத்துளிகள்கூட இப்படி எடுத்தால் தனித்தனியாகத் தெரியும்.

காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) மரத்தின் சிவப்புப் பூங்கொத்து பலருக்கும் வெறும் சிவப்புத் திட்டாகத்தான் வருகிறது. சுற்றிலும் கரும்பச்சை இலை என்பதால் கேமரா படத்தை வெளிச்சமாக்கப் பார்க்கிறது; அதில் இதழின் மடிப்பும் நரம்பும் அழிந்துபோகின்றன. கூட்டல் கழித்தல் குறி போட்ட அமைப்பில் ஒரு படி குறைத்தால் அவை திரும்பக் கிடைக்கும். கரும்பச்சை நடுவே சின்னதாகத் தெரியும் வெள்ளைப் பூவுக்கும் இதேதான்.

உச்சிவெயிலில் எடுப்பதும், மூடுபனி இறங்கியதும் கேமராவை உள்ளே வைப்பதும் தலைகீழான வழக்கம். லேசான மூடுபனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவும், கடும் நிழல் விழாது. லென்ஸில் ஈரம் படர்கிறதா என்று மட்டும் அடிக்கடி பார்த்து, பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். சோலைக்குள் இருட்டாக இருக்கிறதே என்று ஃப்ளாஷ் போட்டால் நனைந்த இலையெல்லாம் வெள்ளையாகப் பளிச்சிடும். அதை அணைத்துவிட்டு, முழங்கையைப் பாறையில் ஊன்றி, காற்று ஓயும் நொடியில் நாலைந்து படம் எடுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, பூவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. குறிஞ்சியைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கிறோம். ஆனால் இந்த மலைகளில் குறிஞ்சி இனங்கள் பல உண்டு. அவை பூக்கும் ஆண்டுக் கணக்கும் வேறு வேறு. அதனால் இடையில் எந்த ஆண்டிலும் ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று பூத்திருக்கும், உடனே ‘குறிஞ்சி பூத்துவிட்டது’ என்று படம் பறக்கும். பூவை நேர்முகமாக எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து அது எந்தக் குறிஞ்சி என்று செடி தெரிந்தவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முழுச் செடி ஒரு படம், தண்டில் இலை அமைந்திருக்கும் விதம் ஒரு படம், இலையின் அடிப்பக்கம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம், பூவுக்கு அடியிலுள்ள சிற்றிலைகள் என்று எடுத்துவிடுங்கள். இலையைத் திருப்பிப் பார்க்க ஒரு விரல் போதும், கிளையை ஒடிக்க வேண்டாம். அந்த ஒரு பூவுக்காகப் புல்வெளிக்குள் இறங்கும்போது காலடியில் இன்னும் பூக்காத தரை ஆர்க்கிட் இருக்கலாம். பாதையோரத்தில் அதே செடி கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.