கல்லீரலில் கிருமி உள்ளவர்கள் ஊருக்குப் போகும் முன் போட வேண்டிய ஊசிகள்

அத்தானுக்குப் பல வருடங்களாக ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமி. தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, மற்றபடி நன்றாகவே இருக்கிறார். ஊருக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் தடுப்பூசி ஞாபகம் வந்தது. அதுவும் அக்கா வற்புறுத்தியதால். "நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அந்தத் தண்ணி எனக்கென்ன புதுசா?" என்றார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஊரில் வளர்ந்த பலருக்குச் சின்ன வயதிலேயே ஹெபடைடிஸ் ஏ (அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் பரவும் மஞ்சள் காமாலை) வந்து போயிருக்கும். குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் அறிகுறியே காட்டாது, ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராது. ஆனால் இதை ஊகத்தில் விடக்கூடாது. ஹெபடைடிஸ் ஏ-க்கு எதிரான ஐஜிஜி (உடல் உண்டாக்கி வைத்திருக்கும் எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இருந்தால் அந்த ஊசி வேண்டியதில்லை. இல்லையென்றால் அதைப் போடாமல் விமானம் ஏறாதீர்கள். மற்றவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும் அதே மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் பி அல்லது ஹெபடைடிஸ் சி கிருமியால் ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலில் வந்தால் அது செயலிழக்கும் அளவுக்கும் போகலாம்.

ஹெபடைடிஸ் ஏ ஊசி இரண்டு டோஸ். முதலாவது போட்டுக் குறைந்தது ஆறு மாதம் கழித்து இரண்டாவது. முதல் டோஸைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிட வேண்டும். அத்தானின் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி இல்லை, நாளும் இல்லை. அதனால் தடுப்பூசியோடு அன்றைக்கே உடம்பில் வேறோர் இடத்தில் இம்யூனோகுளோபுலினும் (உடனே காக்கும் தயார் நிலை எதிர்ப்புப் புரதம்) போட்டார்கள். கல்லீரல் நோய் உள்ளவர்கள் கடைசி நேரத்தில் போனால், இதைப் பற்றி மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

அடுத்தது ஹெபடைடிஸ் பி ஊசி. பி ஏற்கெனவே இருப்பவருக்கு அதனால் பயனில்லை. ஆனால் அவருடைய துணையும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொண்டு, தொற்றும் எதிர்ப்பு சக்தியும் இல்லையென்றால் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். சி உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். வழக்கமான முறை மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். நேரம் குறைவென்றால், ஏ-யும் பி-யும் சேர்ந்த ஊசியை 0, 7, 21 ஆம் நாட்களில் போட்டு 12 ஆம் மாதத்தில் பூஸ்டர் போடும் வேகமான முறையும் உண்டு. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நிலை) வரை போனவர்களுக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அதனால் கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டி-எச்பிஎஸ் (ஹெபடைடிஸ் பி-க்கு எதிரான புரதம்) அளவு 10 mIU/mL-ஐத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரையில் சி முழுதாகக் குணமாகிவிட்டது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிருமி போனாலும் கல்லீரலில் விழுந்த தழும்பு இருக்கலாம். இந்த ஊசிகள் உங்களுக்கும்தான்.

டைபாய்டுக்கு ஊசி, விழுங்கும் மருந்து என்று இரண்டு வகை. விழுங்குவது உயிருள்ள கிருமியில் செய்தது, அதனால் ஊசியையே கேளுங்கள். கிளம்ப இரண்டு வாரம் முன் போட்டால் இரண்டு மூன்று வருடம் தாங்கும். நிமோனியா ஊசி, வருடா வருடம் ஃப்ளூ ஊசி (மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம்), பத்து வருடத்துக்கு ஒருமுறை டெட்டனஸ், இவையும் பாக்கி இருந்தால் அப்போதே முடித்துவிடலாம். கல்லீரல் மாற்று சிகிச்சை செய்தவர்களும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைத் தங்கள் கல்லீரல் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.

எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று தண்ணீரில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஈ-க்குப் பெரும்பாலான நாடுகளில் தடுப்பூசியே கிடையாது. கொதிக்க வைத்த தண்ணீர், அல்லது மூடி உடையாத பாட்டில், அவ்வளவுதான். கடலோரம் போனால் வேகவைக்காத சிப்பியைச் சாப்பிடாதீர்கள், காலில் புண் இருந்தால் கடலில் இறங்காதீர்கள். அந்த நீரில் உள்ள ஒருவகை பாக்டீரியா, கல்லீரல் கெட்டவர்களின் ரத்தத்தில் கலந்தால் உயிரையே எடுத்துவிடலாம்.

அப்புறம் மாத்திரை. பி-க்குச் சாப்பிடும் டெனோஃபோவிரோ என்டெகாவிரோ, எதுவானாலும் பயண நாட்களைவிட இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டு அது வந்து சேரவில்லையென்றால் மாத்திரை நின்றுபோகும், அடங்கியிருந்த கிருமி மறுபடி கிளம்பலாம்.

அத்தான் நல்லபடியாகப் போய் வந்துவிட்டார். இரண்டாவது டோஸ் அடுத்த மாதம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய காலண்டரில் அக்கா அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.